சத்தியம் வாங்காத மிஸ்

"கட்டாயம் வருவன்" என்று சொன்னதுதான் மிஸ்ஸிடம் நான் விட்ட முதல் பிழை.

அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு கையில் கச்சான் கடலைச் சரையும் மற்றக் கையில் குடையுமாக நின்ற மிஸ்ஸிடம், நாளைக்குக் காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டியோடு கட்டாயம் வருவேன் என்றேன். புதிதாக வேலைக்கு வந்தவள் வேறு என்ன சொல்வாள்? மிஸ் முகத்தைச் சுளித்தார். கட்டாயமெல்லாம் வேண்டாமாம். எட்டு மணிக்கு வரவிடாமல் என்னென்ன தடை வரலாம் என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

எனக்குச் சுருக்கென்றது. என்னை நம்பாத ஆளிடம் எதற்கு வேலை என்று நினைத்தேன். இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டுமே. அம்மா கடைக்குப் போகச் சொல்லுவார். ஸ்கூட்டி காலைக் குளிருக்கு உடனே கிளம்பாது. மழை பெய்தால் எங்கள் ஒழுங்கை சேறு. சொல்லச் சொல்லத்தான், எட்டு மணி என்பது வாயில் வந்தபடி நான் சொன்ன நேரம் என்று எனக்கே விளங்கியது. "அப்ப எட்டரைன்னு வச்சுக்குவோமா?" என்றார் மிஸ். அடுத்த நாள் எட்டரைக்குப் போய் நின்றேன். பள்ளிக்கூடத்துக்குக்கூட நான் அப்படிச் சொன்ன நேரத்துக்குப் போனதில்லை.

மிஸ்ஸின் பெயரை எழுதப்போவதில்லை. தன் ஆராய்ச்சிக்காகப் பேசிய எல்லாருக்கும் பெயரை மாற்றி வைத்தவர் அவர். அந்த மரியாதையை அவருக்கும் செய்துவிடுவோம். பல்கலைக்கழகத்தில் உளவியல் படிப்பித்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்தார். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். குடியை விட முயல்கிறவர்களில் சிலருக்கு ஆளுமைக் கோளாறும் சேர்ந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் எப்படி மீளுகிறார்கள், எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பதுதான் அவர் தேடியது. என் வேலை அவரை ஊர் ஊராக ஏற்றி இறக்குவது. ஆண்களோடு தனியாக இருந்து கதைத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது என்பதால் பக்கத்தில் இருப்பதும் என் வேலைதான்.

ஏற்றி இறக்குவதை லேசான வேலை என்று நினைக்கவேண்டாம். நான் இடப்பக்கம் திருப்பினால் மிஸ் பின்னால் இருந்து வலப்பக்கம் சாய்வார். ஒரு நாள் கனகராயன்குளத்துப் பக்கம் வாய்க்கால் கரையில் இரண்டு பேருமாக விழுந்தோம். நான் ஸ்கூட்டியை நினைத்து வயிறெரிய, மிஸ் சேற்றில் இருந்தபடியே சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்து வயலில் மேய்ந்த மயில்கள் எழும்பிப் பறந்தன.

அவரை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அம்மா வழக்கம்போல எந்த ஊர் என்று தொடங்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து குளத்தடியில் அரசாங்கம் கொடுத்த காணிக்கு வந்து ஒரு தலைமுறை போனாலும், அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் எங்கள் ஆட்களுக்குத் தேத்தண்ணி இறங்காது. மிஸ் சளைக்கவில்லை. வவுனியா என்றார். அதற்கு முன்னால் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம் என்றார். அதற்கும் முன்னால் என்றால் தன் பாட்டன் இந்தியாவிலிருந்து வந்த கப்பலைத்தான் கேட்கவேண்டும் என்றார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மிஸ்ஸுக்கு எங்கள் குசினியில் நிரந்தரமாக ஒரு பலகை இருந்தது.

நான் இந்த வேலையைத் தேடிப் போனதற்கு அண்ணைதான் காரணம்.

அண்ணை கெட்டவர் இல்லை. ஊரில் யாருடைய வயலில் கை குறைந்தாலும் முதலில் போய் நிற்பவர். குடிவெறி ஏறினால் அடிதடி கிடையாது. பாடுவார், அழுவார், கண்ட இடத்தில் படுத்துவிடுவார். மகள் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே ஒருநாள் அப்படிக் கிடந்தார். கூடப் போன பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்று பின்னேரமே அண்ணையின் மனைவி, என் மச்சாள், மகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளையை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக இருத்தினார். வருஷம் முடிவதற்குள் அண்ணை குடியை விடாவிட்டால், எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளுடைய பெயரை வெட்டி அங்கேயே பதிந்துவிடப்போவதாகச் சொல்லியனுப்பினார். பெயர் வெட்டினால் பிறகு எங்கே திரும்பி வருவது? அது அண்ணைக்கும் தெரியும்.

என்னுடைய அண்ணை என்பதால் ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது, ஆனால் சனிக்கிழமைகளில் தான் நடத்துகிற கூட்டத்துக்கு வந்து மற்றவர்களோடு இருக்கலாம் என்றார் மிஸ். கட்டாயம் அனுப்பிவைக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் குடியை விடவைப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. ஆளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அதை அணைத்துச் சத்தியம் பண்ண வைப்பது. கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பத்துக்கே ஆகாது. அண்ணை ஏ-ஒன்பது வீதியில் இருக்கிற அரைவாசிப் பிள்ளையார்களுக்கு முன்னால் கற்பூரம் அணைத்தவர். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு என்பார் அம்மா. இவன் ஏமாற்றாத சாமியைத் தேடுவதென்றால் இனி இந்தியாவுக்குத்தான் போகவேண்டும் என்பார்.

மிஸ்ஸோ சத்தியம் என்றால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே பொத்துவார். சனிக்கிழமைகளில் பொதுநோக்கு மண்டபத்துக்கு வருகிற ஆண்கள் கதிரையில் இருப்பதற்கு முன்னமே, இன்றோடு விட்டுவிட்டேன் மிஸ், சத்தியமாக, என்று தொடங்குவார்கள். மிஸ் காதைப் பொத்திக்கொண்டு அவர்கள் முடிக்கும்வரை கூரையைப் பார்ப்பார். பிறகு கையை எடுத்துவிட்டு, வருகிற சனிக்கிழமைக்குள் எந்த நாள் வழுக்கும் என்று கேட்பார்.

ஒரு மேசன் இருந்தார். வீட்டுக்குக் கொங்கிறீட் போட்டு முடிகிற அன்றுதான் தனக்கு வழுக்கும் என்றார். அன்று வீட்டுக்காரர் வேலைக்காரருக்குப் போத்தல் கொடுப்பது வழக்கம். அடுத்த வியாழக்கிழமை கொங்கிறீட் போடுகிறார்களாம். அப்போ என்ன செய்யலாம் என்று மண்டபமே கூடி யோசித்தது. கடைசியில் வீட்டுக்காரரிடம் போத்தலுக்குப் பதிலாகக் கோழி கேட்பதென்று முடிவானது. அடுத்த சனிக்கிழமை மேசன் வந்து, அந்தக் கோழியைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். குடிக்காமல் இருந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. மிஸ்ஸும் அதைக் கேட்கவில்லை. இறைச்சிக்கு என்ன தூள் போட்டார்கள், உறைப்பு எப்படி என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சத்தியத்தில் அப்படி என்ன பிழை என்று ஒரு நாள் ஸ்கூட்டியில் போகும்போது கேட்டேன்.

"பொய்யா யாரும் சத்தியம் பண்றதில்ல தங்கச்சி. முழு மனசோடதான் பண்றாங்க. ஒரு மிடறு உள்ள போனதும், சத்தியமே போச்சு, இனி என்னன்னு மிச்சத்தையும் குடிச்சிடுறாங்க. சாமிக்குப் பயந்து, பொண்டாட்டிக்கு வெட்கப்பட்டு, வீட்டுப் பக்கமே வர்றதில்ல."

அது அப்படியே அண்ணை. சத்தியம் உடைந்தால் ஒரு கிழமைக்கு ஆளைக் காணமுடியாது.

இந்தக் குணத்தை மிஸ் மண்டபத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு கலியாணத்துக்கு வெற்றிலைத் தட்டத்தோடு அழைக்க வந்தவர்கள், எங்கள் வீட்டில் நின்ற மிஸ்ஸையும் அழைத்தார்கள். தட்டத்தைத் தொட்டு, கட்டாயம் வாறம் என்று சொல்வதுதான் முறை. மிஸ் தட்டத்தைத் தொட்டார். பிறகு, அன்றைக்கு மழை இல்லையென்றால், தனக்குக் காய்ச்சல் இல்லையென்றால், பஸ் ஓடினால் வருவேன் என்றார். நல்ல காரியத்துக்கு அழைக்க வந்த இடத்தில் மழையும் காய்ச்சலும்! பெண்ணின் தாய் முகம் கறுத்துப்போய் எழும்பினார். அம்மா பின்னால் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. கலியாணத்தன்று பார்த்தால், பந்தல்காரருக்கும் முன்னால் வந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவர் மிஸ். கட்டாயம் வருவோம் என்று தட்டத்தைத் தொட்டவர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. பெண்ணின் தாய் முதல் பந்தியிலேயே மிஸ்ஸை இருத்தித் தன் கையால் பாயசம் வார்த்தார்.

ஆளுமைக் கோளாறு பற்றிய கேள்விகள் என் கையில் கிடைத்த காலம் ஒரு தனிக் கூத்து. நான் வாசித்துப் பழகுவதற்காக மிஸ் அவற்றைத் தந்திருந்தார். இரண்டு நாளில் ஊரில் நல்ல ஆள் ஒருவரும் மிஞ்சவில்லை. விவசாயிகளின் கமக்கார அமைப்பின் தலைவருக்குத் தன்னைத்தானே மெச்சுகிற கோளாறு. எங்கள் மாமிக்குச் சந்தேகக் கோளாறு. கடைக்காரருக்கு எல்லாம் வரிசையாக இருக்கவேண்டும் என்கிற கோளாறு. மிஸ்ஸிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்போ உங்களையே கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டுப் பார்த்தேன். அன்று இரண்டு மணித்தியாலம் யாரோடும் பேசவில்லை. தனக்கும் அதில் நாலைந்து இருக்கிறது என்று மிஸ் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. குணம் எல்லாருக்கும் கோணல்தானாம். அது ஒருவரை வாழவிடாமல், ஒருவரோடும் ஒட்டவிடாமல் வருஷக்கணக்கில் வருத்தினால்தான் அதற்கு அந்தப் பெயராம்.

அப்படி வருந்தியவர் ஒருவர் மண்டபத்துக்கு வந்தார், ஒரு வெல்டர். ஆஸ்பத்திரியில் அவருடைய கோளாறுக்கு ஒரு பெயர் சொல்லியிருந்தார்கள். ஊரில் வேறு பெயர் சொன்னார்கள், அதை எழுதமுடியாது. ஒரு கிழமை மிஸ் அவருக்குத் தெய்வம். அடுத்த கிழமை மிஸ் ஒரு நடிப்புக்காரி. இரண்டு கிழமையும் மிஸ் ஒரே முகத்தோடு, வந்திட்டீங்களா, சந்தோசம் என்பார். ஒரு சனிக்கிழமை அந்த மனிதர் எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று, என்னை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லுங்கள் என்று மிஸ்ஸைக் கேட்டார். எனக்கென்றால், பாவம், சொல்லிவிட்டுப் போகட்டுமே என்றிருந்தது.

"போவேன்," என்றார் மிஸ். "ஆராய்ச்சி முடிஞ்சா போயிடுவேன். போறதுக்கு ரொம்ப முன்னாடியே உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

கதிரை பறந்தது. வெல்டர் கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டு வெளியே போனார். இனி இந்த ஆள் வரப்போவதில்லை என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு முன்னமே வந்து, கதிரையின் உடைந்த காலை ஒட்டிக்கொண்டிருந்தார். போகமாட்டோம் என்று சொன்ன எல்லாரும் சொல்லாமல் போனவர்கள் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வருஷம் முடியப்போகிற நேரத்தில் மச்சாளின் தகப்பன் போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு வருகிறார்களாம். அண்ணை மகளின் தலையில் ஒரு கையை வைத்து, மற்றக் கையால் கற்பூரம் அணைக்கவேண்டுமாம். அணைத்தால் மச்சாளும் பிள்ளையும் அப்படியே எங்களோடு வருவார்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை பெயர் வெட்டுகிறார்கள்.

சனிக்கிழமைகளில் மண்டபத்துக்கு வரத் தொடங்கி, அண்ணை குடிக்காமல் அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு அது போதும். சத்தியத்தைப் பண்ணிப்போட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். அண்ணை மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். என் கோபம் மிஸ்ஸின் மேல் திரும்பியது. பஸ் நிலையத்தில் வைத்தே சண்டை பிடித்தேன். உங்கள் கதையைக் கேட்டுத்தான் ஒரு குடும்பம் பிரியப்போகிறது என்றேன். நீங்கள் சொன்னால் கேட்பார், ஒரே ஒருதரம் பண்ணச் சொல்லுங்கள் என்று கெஞ்சவும் கெஞ்சினேன். நான் கத்தி முடியும்வரை மிஸ் கையில் இருந்த கச்சானை உடைக்கவில்லை. பண்ணு என்றும் சொல்லமாட்டாராம், பண்ணாதே என்றும் சொல்லமாட்டாராம். அது அண்ணன் தன் மனைவியோடு பேசவேண்டிய பேச்சாம். வெள்ளிக்கிழமையாவது வருவீர்களா என்றேன். பஸ் ஓடினால் வருவேன் என்றார்.

பஸ் ஓடியது. ஆனால் மிஸ் கோயிலுக்குள்ளே வரவில்லை. வெளியே செருப்புகளுக்குக் காவலாக ஒரு கல்லில் இருந்துகொண்டார்.

உள்ளே மச்சாளின் தகப்பன் நல்ல பெரிய கட்டிக் கற்பூரமாகக் கொண்டுவந்திருந்தார். மகள் அண்ணையைக் கண்டதும் ஓடிவரப் பார்த்தாள். மச்சாள் கையைப் பிடித்துக்கொண்டார். கற்பூரம் பற்றிக்கொண்டது. அண்ணை மகளின் தலையில் கையை வைத்தார். மற்றக் கை நெருப்புக்குப் போகவில்லை.

"மாமா, நான் இதை அணைக்கமாட்டன்," என்றார். "அணைச்சு அணைச்சுத்தான் இவ்வளவு காலமும் இவளை ஏமாத்தினனான். எனக்கு எப்பெப்ப ஏலாமப் போகுமெண்டு சொல்லுறன். அதை இவள் கேக்கட்டும்."

எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணை சொல்லத் தொடங்கினார். நெல்லை லொறியில் ஏற்றிவிட்டு, கூட்டாளிகள் மதகடியில் கூடுகிற அன்று. மழை பிந்திப் பயிர் மஞ்சளாகிற கிழமை. மாமா வீட்டுக்கு வந்து குறை சொல்லிவிட்டுப் போகிற அன்று. மச்சாளின் தகப்பன் தொண்டையைச் செருமினார். பிறகு வைகாசி மாதம் என்றார் அண்ணை. போரின் கடைசிச் சண்டை நடந்த வைகாசியில்தான் எங்கள் தம்பி செல் குண்டு விழுந்து செத்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அண்ணை. எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்திறந்து பேசியதில்லை. அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகை எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பேசி முடிப்பதற்குள் கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்துவிட்டது. மச்சாளின் தகப்பன் இன்னொரு கட்டியை எடுத்தார்.

"வேண்டாம் அப்பா," என்றார் மச்சாள். பிறகு அண்ணையைப் பார்த்து, "நெல்லு ஏத்திற அண்டைக்கு உங்களோட ஆர் நிக்கிறது?" என்று கேட்டார்.

அண்ணை யோசித்தார்.

"அப்ப நான் நிக்கிறன்," என்றார் மச்சாள்.

பிள்ளை அதற்குமேல் பொறுக்கவில்லை. தாயின் கையை உதறிவிட்டு அண்ணையின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வெளியே வந்தோம். மச்சாளின் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணை முன்னால் நடப்பதைப் பார்த்ததும், மிஸ் எழும்பி, அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிப்பிடித்தார். அப்படி அழுததில் ஒரு குரங்கு வந்ததை அவர் கவனிக்கவில்லை. எல்லாருடைய செருப்பும் இருந்தது, மிஸ்ஸின் ஒரு செருப்பைத்தான் காணவில்லை. அன்று மத்தியானம் வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றோடு அண்ணை குடியைத் தொடவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். நெல் ஏற்றிய நாள் போனது; மச்சாள் வரம்பிலேயே நின்றார். வைகாசியும் போனது, அந்த மாதம் அம்மாவும் அண்ணையும் முதல்தடவையாகத் தம்பியைப் பற்றிப் பேசினார்கள். ஆவணியில் மிஸ்ஸுக்கு வெளிநாட்டில் ஆராய்ச்சியைத் தொடர இடம் கிடைத்தது. போவதற்கு மாதக்கணக்குக்கு முன்னமே அதை முதலில் வெல்டரிடம்தான் சொன்னார். கடைசிச் சனிக்கிழமை மண்டபத்தில் கேக் வெட்டினோம். வெல்டர் அழுதார், திட்டினார், கடைசித் துண்டுக் கேக்கை மிஸ்ஸுக்கென்று எடுத்துவைத்தார்.

மிஸ் விமானம் ஏறிய அன்று பின்னேரம் அண்ணை வீட்டுக்கு வரவில்லை.

அந்த நாளை வழுக்கும் நாளாக யாருமே யோசிக்கவில்லை, அண்ணைகூட. இனி ஒரு கிழமைக்கு ஆள் இல்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். காலையில் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, மச்சாள் பையை அடுக்கிக்கொண்டிருப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். மச்சாள் குசினியில் மா குழைத்துக்கொண்டிருந்தார். ஆள் காலமையே தானாக வந்திட்டார் என்றார். நேற்றுக் குடித்தேன் என்று வாசல் படலையடியில் நின்றே சொன்னாராம். மச்சாள் நன்றாக நாலு கேள்வி கேட்டாராம். பிறகு வேலை கொடுத்தாராம்.

மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். இடையில் ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்திருந்தார். அண்ணை நேற்றுக் குடித்துவிட்டார் மிஸ் என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"இப்ப எங்க இருக்காரு?" என்றார் மிஸ்.

"வீட்டிலதான் மிஸ்," என்றேன். "புட்டுக்குத் தேங்காய் திருவுறார்."

மிஸ் சிரித்த சிரிப்பில் அந்த விமான நிலையத்தில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது.